வழக்கு முடியும்வரை சொத்தைக் காப்பவர்: கோர்ட்டு ரிசீவர் பற்றி ஒரு விளக்கம்

வழக்கிற்கு வாய்தா உண்டு. விளைந்த பயிருக்கு வாய்தா கிடையாது. கதிர் முற்றினால் அறுத்தே ஆகவேண்டும். தேங்காய் முற்றினால் பறித்தே ஆகவேண்டும். தறியில் ஏற்றிய பாவு நெய்யப்படாமற் கிடந்தால் எலிக்கும் ஈரத்திற்கும் இரையாகும். ஆனால் இவ்வுடைமைகள் யாருக்கு உரியவை என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் நிற்கும்போது, அதற்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் செல்லக்கூடும். அவ்விடைக்காலத்தில் விளைவை அறுப்பவர் யார்? விற்ற பணத்தை வைத்திருப்பவர் யார்? நிலவரி கட்டுபவர் யார்? தீர்ப்பு வரும் நாளில் வென்றவர் கையில் தீர்ப்பு நகல் ஒன்றே எஞ்சி, சொத்து பாழாய்ப் போயிருக்குமாயின், வழக்காடியதனால் யாருக்கு என்ன பயன்?

இக்குறை நேராதபடி காப்பதற்குச் சட்டம் வகுத்துள்ள வழிகளுள் ஒன்றே ரிசீவர் நியமனம். பாகப்பிரிவினை வழக்கிலும் கூட்டு வியாபார வழக்கிலும் சிக்கிய குடும்பங்களில் இச்சொல் அடிக்கடி அடிபடுகிறது. சிலர், "ரிசீவர் போட்டுவிட்டார்கள், சொத்தே போய்விட்டது" என்று கலங்குகின்றனர். வேறு சிலர், "ரிசீவர் போட்டு உன்னை வெளியேற்றுகிறேன் பார்" என்று எதிரியை அச்சுறுத்துகின்றனர். கலக்கமும் மிரட்டலும் ஆகிய இரண்டுமே விஷயத்தைச் சரிவர அறியாமையினால் விளைபவை. ஆதலின் ரிசீவர் என்பவர் யார், அவருடைய கடமைகள் யாவை, எப்பொழுது அவரை வேண்டலாம், எப்பொழுது வேண்டலாகாது என்பனவற்றை உழுதும் நெய்தும் வாழும் நம் அன்பர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

ரிசீவர் யாருடைய ஆள்?

ரிசீவர் வாதியின் ஆளும் அல்லர், பிரதிவாதியின் ஆளும் அல்லர். அவர் நீதிமன்றத்தின் கை. வாதி மனுச் செய்து, அதன்மேல் அவர் நியமிக்கப்பட்டிருந்தாலும், மனுச் செய்தவருக்கு அவர் கடமைப்பட்டவர் ஆகார். முடிவில் எவர் பக்கம் தீர்ப்பாகிறதோ அவருக்காகச் சொத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பதே அவர் வேலை. அவர் கையில் சொத்து இருக்கும்போது, சட்டத்தின் கண்ணுக்கு அது நீதிமன்றத்தின் கையிலேயே இருக்கிறது. எனவே அவருக்கு இடையூறு செய்வது நீதிமன்றத்திற்கே இடையூறு செய்வதாகும். அவமதிப்புக் குற்றத்திற்கு அது இடமளிக்கும்.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். ரிசீவர் நியமனத்தினால் எவருடைய உரிமையும் அழிந்துபோவதில்லை. சொத்தின் உரிமை எங்கிருந்ததோ அங்கேயே இருக்கிறது. நிர்வாகம் மட்டுமே கைமாறுகிறது. இவ்விடத்தில் அபிஷியல் ரிசீவர் என்பவரோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது. 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின்கீழ் ஒருவர் திவாலானவர் என்று தீர்மானிக்கப்பட்டால், அவருடைய சொத்து கடன்காரர்களுக்குப் பங்கிடும் பொருட்டு ரிசீவரையே சேர்ந்துவிடும். நாம் இங்கு விளக்குவது அதுவன்று. வழக்கு நடக்கும் காலத்தில் சொத்தைக் காவல் செய்பவரைப் பற்றியே பேசுகிறோம்.

சட்டம் கூறுவது

1908ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் கட்டளை இதற்கு அடிப்படை. நியாயமும் உசிதமும் ஆகும் என்று நீதிமன்றத்திற்குத் தோன்றினால், தீர்ப்புக்கு முன்னரோ பின்னரோ ரிசீவரை நியமிக்கலாம் என்று அதன் முதல் விதி கூறுகிறது. சொத்தை வைத்திருப்பவரிடமிருந்து அதனை எடுத்து ரிசீவரிடம் ஒப்புவிக்கலாம். வாடகை, குத்தகை, மகசூல் இவற்றை வசூலிக்கவும், சொத்தைப் பாதுகாக்கவும், அதன் சார்பில் வழக்குத் தொடுக்கவும், தொடுத்த வழக்கிற்கு எதிர்வாதம் செய்யவும் அவருக்கு அதிகாரம் தரலாம். இவ்வதிகாரங்களுள் எவை தரப்பட்டன என்பது ஒவ்வொரு வழக்கின் உத்தரவையும் பொறுத்தது. உத்தரவில் இல்லாத அதிகாரம் ரிசீவருக்கு இல்லை. சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, நெடுங்காலக் குத்தகைக்கு விடவோ அவர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும்.

சாதாரணமாக வழக்கில் சம்பந்தம் இல்லாத நடுநிலையாளர் ஒருவரையே நியமிப்பர். பெரும்பாலும் வக்கீல் ஒருவராக இருப்பார். அரசுக்கு நிலவரி செலுத்தும் நிலமாயின், கலெக்டரின் நிர்வாகம் சம்பந்தப்பட்டோருக்கு நன்மை தருமென்று கருதினால், அவருடைய சம்மதத்தின்பேரில் அவரையே ரிசீவராக நியமிக்கவும் 5ஆம் விதி இடமளிக்கிறது. அபூர்வமாக, வழக்காளிகளில் ஒருவரையே கணக்குக்கும் ஜாமீனுக்கும் உட்படுத்தி நியமிப்பதும் உண்டு.

எப்பொழுது நியமிப்பார்கள்?

கேட்டவருக்கெல்லாம் ரிசீவரைத் தருவது நீதிமன்றத்தின் வழக்கமன்று. அனுபவத்தில் இருப்பவரைத் தீர்ப்புக்கு முன்பே வெளியேற்றுவது கடுமையான செயல். பின்னர் அவர் பக்கமே நியாயம் என்று முடிவானால், இழந்த காலத்தை அவருக்கு யாராலும் திருப்பித் தர இயலாது. இது குறித்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி இராமசாமி அவர்கள் அளித்து, 1955ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த தீர்ப்பு ஒன்று இந்தியாவெங்கும் எடுத்தாளப்பட்டு வருகிறது. ரிசீவர் நியமனத்திற்குரிய ஐந்து நெறிகளை அதில் தொகுத்துரைத்து, அவற்றைப் 'பஞ்ச சதாசாரம்' என்று அவர் குறிப்பிட்டார். அவற்றின் சாரம் வருமாறு:

1. ரிசீவர் நியமனம் நீதிமன்றத்தின் விருப்புரிமையைப் பொறுத்தது. ஆனால் அவ்விருப்புரிமை மனம்போன போக்கில் செலுத்தப்படுவதன்று; வழக்கின் எல்லாச் சூழ்நிலைகளையும் சீர்தூக்கிச் செலுத்தப்பட வேண்டியது.

2. ரிசீவரை வேண்டுபவர், வழக்கில் வெற்றி பெறுவதற்குத் தமக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்பதை மேலெழுந்த பார்வையிலேயே காட்டவேண்டும்.

3. உரிமை கோருவது மட்டும் போதாது. உடனே தலையிடாவிட்டால் சொத்துக்குக் கேடு நேரும் என்ற ஆபத்தையோ அவசரத்தையோ மெய்ப்பிக்க வேண்டும்.

4. எதிரி மெய்யாகவே அனுபவத்தில் இருந்தால், அவரை வெளியேற்றும் வகையில் எளிதில் உத்தரவிடுவதில்லை. எவர் கையிலும் இல்லாமல் சொத்து அந்தரத்தில் நின்றால் அப்பொழுது தயக்கம் குறைவு.

5. வேண்டுபவரின் நடத்தையும் பார்க்கப்படும். தூய கைகளோடு வராதவருக்கும், உரிய காலத்தில் வாய் திறவாமல் காலம் கடத்தியவருக்கும் இப்பரிகாரம் எளிதிற் கிட்டாது.

இந்த ஐந்தில் மூன்றாவதை நம்மவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். "எதிரி வழக்கில் இருக்கும் நிலத்தில் பயிர் செய்கிறார்" என்பது ஆபத்தாகாது. "எதிரி மரங்களை வெட்டி விற்கிறார்; கணக்குக் காட்டுவதில்லை; வரி கட்டாமல் நிலத்தை ஏலத்திற்கு விடுகிறார்" என்பனவே ஆபத்தின் அடையாளங்கள். அவற்றைப் பிரமாண வாக்குமூலத்தில் நாள், இடம், அளவு இவற்றோடு கூறவேண்டும், வாய்ச்சொல் போதாது.

தறிக்கூடம் ஒன்றின் உதாரணம்

கூட்டாகத் தொழில் நடத்திய இருவர் மனம் வேறுபட்டதாக வைத்துக்கொள்வோம். 12 தறிகள், கையிருப்பில் நூல், தறிகளில் பாதி நெய்த சேலைகள். ஒருவர் கூடத்தைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்கிறார். மற்றவர் கூட்டைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கவேண்டுமென வழக்கிடுகிறார். இங்கே சொத்து எவர்க்கும் பயன்படாமல் நிற்கிறது. நூல் மங்குகிறது. பண்டிகைக்கென வாங்க இருந்த வியாபாரிகள் வேறிடம் செல்கின்றனர். அங்கே நெய்துவந்த தொழிலாளர் குடும்பங்கள் வழக்கில் பெயர் இல்லாதவர்கள்; ஆயினும் முதலில் பட்டினி கிடப்பவர்கள் அவர்களே.

இத்தகைய வழக்கில் நீதிமன்றம் இருவகையாக உத்தரவிடலாம். முதல் வகையில், ரிசீவர் கூடத்தைக் கையேற்று, இருப்பைப் பட்டியலிட்டு, பாக்கிகளை வசூலித்துப் பாதுகாப்பார், அவ்வளவே. இரண்டாம் வகையில், தொழிலைத் தொடர்ந்து நடத்தும் அதிகாரமும் அவருக்குத் தரப்படும். அப்பொழுது அவர் ரிசீவரும் மானேஜரும் ஆவார். வெறும் ரிசீவர் தொழிலை நடத்த முடியாது. ஆகவே தறிகள் ஓடவேண்டுமென்று விரும்புவோர் மனுவிலேயே அதனைத் தெளிவாகக் கேட்டல் வேண்டும். "ரிசீவர் வந்துவிட்டால் எல்லாம் நடக்கும்" என்று எண்ணிப் பின்னர் பூட்டிய கூடத்தைப் பார்த்து ஏங்குவதில் பயனில்லை.

ரிசீவரின் கடமைகள்

அதிகாரம் பெற்றவர் அதற்கேற்பப் பொறுப்பையும் சுமந்தாக வேண்டும் அல்லவா? 3ஆம் விதி அவருக்கு நான்கு கடமைகளை விதிக்கிறது. நீதிமன்றம் தக்கதென்று கருதும் ஜாமீன் கொடுக்க வேண்டும். குறித்த காலந்தோறும் குறித்த முறையில் கணக்குச் சமர்ப்பிக்க வேண்டும். தம்மிடம் சேரும் தொகையை நீதிமன்றம் சொன்னபடி செலுத்த வேண்டும். தாம் வேண்டுமென்றே செய்த தவறினாலோ பெருங்கவனக்குறைவினாலோ சொத்துக்கு நட்டம் நேர்ந்தால் அதற்கு ஈடு சொல்ல வேண்டும். கணக்குக் காட்டத் தவறினாலும், பணத்தைச் செலுத்தாவிட்டாலும், நட்டம் விளைத்தாலும், ரிசீவருடைய சொந்தச் சொத்தையே ஜப்தி செய்து விற்று ஈடுகட்ட 4ஆம் விதி வழிசெய்கிறது.

இவ்விதிகள் ஏட்டில் இருப்பதனால் மட்டும் சொத்து காக்கப்பட்டுவிடாது. ரிசீவர் சமர்ப்பிக்கும் கணக்கைப் பார்த்து, பிழையிருந்தால் ஆட்சேபிக்கும் உரிமை இரு கட்சியாருக்கும் உண்டு. அவ்வுரிமையைச் செலுத்துபவர் சிலரே. அண்டை நிலத்தில் எத்தனை மூட்டை விளைந்தது, அந்த வாரம் சந்தையில் என்ன விலை போயிற்று என்பன வக்கீலுக்குத் தெரியாது, உழவர்க்குத் தெரியும். எத்தனை சேலைக்கு எத்தனை கட்டு நூல் என்பது நெசவாளர்க்குத் தெரியும். கணக்கை அக்கண்கொண்டு படித்தல் அவரவர் கடமை.

குத்தகைதாரரின் நிலை

வழக்கு உடைமையாளர்களுக்கு இடையே நடக்க, நிலத்தை உழுபவர் வேறொருவராக இருப்பது நம் நாட்டில் இயல்பு. ரிசீவர் வந்ததும் குத்தகைதாரர் வெளியேற வேண்டுமோ? வேண்டியதில்லை. வழக்காளி ஒருவருக்கு இன்றைய நிலையில் எவரை வெளியேற்ற உரிமையில்லையோ, அவரை ரிசீவர் நியமனத்தின் மூலமாக வெளியேற்ற நீதிமன்றத்திற்கும் அதிகாரமில்லை என்று முதல் விதியே வரையறுக்கிறது. சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் துணையும் உண்டு.

ஆயினும் குத்தகைதாரர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நியமன உத்தரவு தமக்குத் தெரிந்த நாள் முதல் குத்தகையை ரிசீவரிடமே செலுத்தி ரசீது பெறவேண்டும். பழக்கத்தின் காரணமாகவோ தாட்சணியத்தின் காரணமாகவோ பழைய உடைமையாளர் கையில் கொடுத்தால், அதே தொகையை மீண்டும் ரிசீவருக்குச் செலுத்த நேரலாம். வந்தவர் மெய்யாகவே ரிசீவர்தானா என்ற ஐயம் எழுந்தால் உத்தரவின் நகலைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கூட்டுறவுச் சங்கத்தின் நிலை

சங்கம் ஓர் உறுப்பினருக்குப் பயிர்க்கடன் கொடுத்திருக்கிறது; அந்நிலம் ரிசீவர் கைக்குப் போய்விட்டது. சங்கத்தின் கடன் என்னாகும்? முன்னரே ஏற்பட்ட அடமான உரிமை ரிசீவர் நியமனத்தினால் அழிவதில்லை. ஆனால் அவ்வுரிமையைச் சங்கம் தானே போய்ச் செலுத்திக்கொள்ளக் கூடாது. களத்திற்கு ஆளனுப்பி நெல்லை அளந்து வருவது நீதிமன்றத்தின் கைக்குக் குறுக்கே நிற்பதாகும். ரிசீவரை நியமித்த நீதிமன்றத்தில் மனுச் செய்து அனுமதி பெறுதலே நேரான வழி. ரிசீவர்மீது வழக்கிடவும் அவ்வனுமதி வேண்டும். அனுமதி பெறாமல் வழக்கிட்டவர், வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அனுமதி பெற்றுக் குறையைச் சரிசெய்துகொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்துள்ளது. எனினும் முன்னதாகப் பெறுவதே வீண் தொல்லையைத் தவிர்க்கும்.

சங்கத்தின் அலுவல் பற்றிச் சங்கத்திற்கும் உறுப்பினருக்கும் இடையே எழும் தகராறு வேறு. அது 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் செல்ல வேண்டியது. இங்குச் சொன்னவை சிவில் நீதிமன்றத்தில் நடக்கும் சொத்து வழக்குகளுக்கே பொருந்தும்.

செலவு யார் தலையில்?

ரிசீவருக்குரிய ஊதியத்தை நீதிமன்றம் நிர்ணயிக்கிறது. அது பெரும்பாலும் அச்சொத்தின் வருமானத்திலிருந்தே கொடுக்கப்படும். காவல்காரன் கூலி, வண்டிச் சத்தம், கணக்கெழுதும் செலவு ஆகியனவும் அவ்வாறே. இதன் பொருளை ஒரு சிறு கணக்கினால் அறியலாம்.

இரு சகோதரர்களுக்குரிய தென்னந்தோப்பு ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வருமானம் தருவதாகக் கொள்வோம். பங்கிட்டால் தலைக்கு 75,000 ரூபாய். ரிசீவருக்கு மாதம் 4,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 48,000. காவல்காரனுக்கு மாதம் 5,000 வீதம் 60,000. ஆக 1,08,000 ரூபாய் செலவு போக எஞ்சுவது 42,000; தலைக்கு 21,000 ரூபாயே. வழக்கு 5 ஆண்டு நீடித்தால், செலவில் மட்டும் 5,40,000 ரூபாய் கரைந்திருக்கும். தம்பி வென்றாலும் அண்ணன் வென்றாலும் கரைந்தது கரைந்ததே. எதிரியை வருத்துவதற்காக ரிசீவரைக் கேட்பவர், தம் வீட்டுக் கூரையைப் பிரித்து எதிர்வீட்டிற்கு நிழல் படாமற் செய்பவரை ஒப்பர்.

இதைவிட எளிய வழிகளும் சட்டத்தில் உண்டு. மரம் வெட்டுவதையோ விற்பதையோ நிறுத்தினால் போதுமெனில் தடையுத்தரவு கேட்கலாம். விளைந்த பொருள் அழுகிப்போகும் என்பது மட்டுமே அச்சமெனில், அதனை விற்றுப் பணத்தை நீதிமன்றத்தில் கட்டும்படி 39ஆம் கட்டளையின்கீழ் வேண்டலாம். சொத்தின் நிலைமையைப் பார்த்தெழுதுவதற்குக் கமிஷனர் போதும். அனுபவத்தில் இருப்பவர் ஆண்டுதோறும் கணக்குச் சமர்ப்பித்து, எதிரியின் பங்குக்கு ஜாமீன் கொடுக்க முன்வந்தால், பல வழக்குகளில் அதுவே தக்க ஏற்பாடாகும். இவை ஒன்றும் பயன்படாதபோதே ரிசீவரை நாடவேண்டும். நியமன உத்தரவால் பாதிக்கப்பட்டவர் மேல்நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 43ஆம் கட்டளை உரிமையளிக்கிறது. ஆனால் அதற்குரிய காலவரையறைக்குள் செய்தல் வேண்டும்.

ரிசீவர் பதவி எப்பொழுது முடியும்?

தீர்ப்பு வரும் வரையில் என்று உத்தரவில் குறித்திருந்தால் தீர்ப்போடு முடியும். காலம் குறிக்காவிட்டால், நீதிமன்றம் விடுவிக்கும்வரை தொடரும். ஆக்ரா நகரத்து ஆலைகளைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1961இல் இதனை விளக்கியது. தேவை இருப்பின், இறுதித் தீர்ப்பாணைக்குப் பின்னரும் ரிசீவரை நீடிக்கச் செய்ய நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. பணி முடிந்த பின்னும், விடுவிக்கப்படும்வரை அவர் நீதிமன்றத்திற்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவரே என்பது அதன் கருத்து. ஆதலின் வழக்கில் வென்றவர், தீர்ப்பு கிடைத்த மகிழ்ச்சியில் அமர்ந்துவிடாமல், கடைசிக் கணக்கைச் சரிபார்த்து, எஞ்சிய தொகையைப் பெற்று, சொத்தையும் கையேற்றுக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

ரிசீவர் நியமனம் கண்டு அஞ்சத்தக்க தண்டனையன்று. எதிரிமேல் வீசத்தக்க ஆயுதமுமன்று. கரை உடையும் நிலையிலுள்ள ஏரிக்கு மண்மூட்டை அடுக்குவது போன்ற அவசரக் காப்பு அது. கரை நன்றாக இருக்கும்போது மூட்டை அடுக்கினால் உழைப்பு வீண். உடைந்த பின் அடுக்கினாலும் வீண். சொத்துக்கு ஆபத்து மெய்யாக இருப்பின் காலந்தாழ்த்தாது நீதிமன்றத்தை அணுகுக. நியமனம் ஆனபின் ரிசீவருக்கு ஒத்துழைத்து, ஒவ்வொரு கணக்கையும் விழிப்போடு படிக்க. ஆபத்து இல்லையெனின், இரு தரப்பாரும் ஊர்ப் பெரியவர்கள் முன் அமர்ந்து, வழக்கு முடியும்வரை இந்த மகசூலை இன்னார் அறுப்பது, இன்ன வங்கியில் இருவர் பெயரிலும் பணத்தைப் போடுவது என்று எழுதிக் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். அவ்வாறு செய்தால் ரிசீவருக்கும் காவலுக்கும் போகும் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். அறுவடையும் அதன் காலத்தில் நடக்கும். உரிமை யாருக்கு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அது தீர்மானிக்கப்படும் நாளில் பெறுவதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.